4 குடம் உள்ளே போகுது, 1 குடம் வெளியே வருது! வீட்டுக்கு வாட்டர் ஃபில்டர் மெஷின் தேவையா?

சென்னை: கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு பெட்டி. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் வந்து நிற்கிறார் ஒரு பையன். "சார், உங்க வீட்டுத் தண்ணியை ஃப்ரீயா டெஸ்ட் பண்ணித் தர்றோம். அஞ்சே நிமிஷம்தான்."

வட சென்னையில் இந்தக் குரலைக் கேட்காத தெரு இருக்காது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள்.

உள்ளே வந்தவர் இரண்டு கண்ணாடி டம்ளரை எடுத்து வைத்தார். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர். இன்னொன்றில் அவர் பாட்டிலில் கொண்டுவந்த மெஷின் தண்ணீர். பெட்டியிலிருந்து கம்பி வைத்த ஒரு கருவியை எடுத்து இரண்டு டம்ளரிலும் இறக்கி, பிளக்கைச் சொருகினார்.

அரை நிமிஷம்கூட ஆகவில்லை. எங்கள் தண்ணீர் பழுப்பாகி, பச்சையாகி, கடைசியில் சாக்கடை போல நுரைத்துக்கொண்டு நின்றது. அவருடைய தண்ணீர் அப்படியே பளிச்சென்று இருந்தது.

"இதைத்தான்க்கா தினமும் குழந்தைக்குக் கொடுக்கறீங்க" என்றார்.

வீட்டுக்காரம்மா முகம் வெளுத்துவிட்டது. அதற்கு முந்தின மாதம்தான் எங்கள் தெருவில் இரண்டு பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை. அன்று சாயங்காலமே தவணையில் மெஷின் எழுதியாயிற்று.

அந்தக் கம்பி வித்தை என்ன என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம். வாசகர்களும் தெரிந்துகொள்வது நல்லது.

கம்பி செய்யும் வேலை

அந்தக் கருவியில் இருப்பது இரும்புக் கம்பியும் அலுமினியக் கம்பியும். தண்ணீரில் உப்பு கரைந்திருந்தால் அதில் கரண்ட் பாயும். கரண்ட் பாய்ந்தால் இரும்புக் கம்பி கரையும். டம்ளரில் மிதக்கிற அழுக்கு, கம்பியிலிருந்து வந்த துரு. உங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை.

மெஷின் தண்ணீரில் உப்பு ரொம்பக் கம்மி. கரண்ட் பாயாது. கம்பி கரையாது. அதனால் பளிச்சென்று நிற்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

சந்தேகமாக இருந்தால், அடுத்த தடவை பெட்டியோடு வருகிறவரிடம் ஒன்று சொல்லுங்கள். அவருடைய பளிச் தண்ணீரில் நம் சமையல்கட்டு உப்பை ஒரு சிட்டிகை போட்டு, மறுபடி கம்பியை இறக்கச் சொல்லுங்கள். அதுவும் சாக்கடை நிறத்துக்கு வந்துவிடும். பையன் பெட்டியை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டரையும் காட்டுவார்கள். 300, 400, 600 என்று நம்பர் ஓடும். பார்த்தால் பகீரென்று இருக்கும். அந்த மீட்டர் காட்டுவது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பு எவ்வளவு என்பதை மட்டும்தான். இளநீரில் வைத்தால் ஆயிரக்கணக்கில் காட்டும். அதற்காக இளநீர் விஷமா?

மறுபக்கம், சாக்கடை கலந்து கிருமி நெளிகிற தண்ணீரில் வைத்தாலும் 250 என்று சாதுவாகக் காட்டலாம். டிடிஎஸ் மீட்டருக்குக் கிருமி தெரியாது. காமாலையும் டைபாய்டும் வாந்தி பேதியும் வருவது கிருமியால். 300, 400 என்று காட்டுகிற உப்பால் அந்த நோய் எதுவும் வராது.

உப்பா, கிருமியா?

மெஷின் வாங்குவதா வேண்டாமா என்பதற்கு முன்னாடி கேட்கவேண்டிய கேள்வி இதுதான். நம் வீட்டுத் தண்ணீரில் இருக்கிற தொல்லை உப்பா, கிருமியா?

இந்திய தர நிர்ணய அமைப்பு குடிதண்ணீருக்கு வைத்திருக்கும் அளவுப்படி, கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் 2000 வரைக்கும் குடிக்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். மீட்டரில் ஓடுகிற நம்பரும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். அதே அமைப்பு கிருமி விஷயத்தில் ஒரு துளி சலுகையும் தரவில்லை. 100 மில்லி தண்ணீரில் மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது.

சென்னையில் மெட்ரோ தண்ணீர் வருகிற வீடுகளுக்கு வருவது பூண்டி, புழல், செம்பரம்பாக்கம், வீராணம் ஏரித் தண்ணீரும், மீஞ்சூர், நெம்மேலியில் கடல் தண்ணீரைச் சுத்திகரித்து அனுப்புகிற தண்ணீரும்தான். மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பின வருஷத்தில் இந்தத் தண்ணீரில் உப்பு ஒரு பிரச்சினையே இல்லை. சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரின் போட்டுத்தான் அனுப்புகிறார்கள்.

வம்பு வருவது வழியில். பழைய பைப், அதற்குப் பக்கத்திலேயே சாக்கடைக் குழாய். தண்ணீர் நாள் முழுக்க ஓடுவதில்லை. விடிகாலையில் கொஞ்ச நேரம் வரும், அப்புறம் நின்றுவிடும். நின்ற நேரத்தில் பைப் காலியாக இருக்கும். ஓட்டை இருக்கிற இடத்தில் வெளியே நிற்கிற அழுக்குத் தண்ணீரை உள்ளே இழுக்கும். போதாக்குறைக்கு நாம் வேறு மோட்டாரைப் போட்டு உறிஞ்சுகிறோம். முதல் பத்து நிமிஷம் கலங்கலாக, வாடையோடு வருவதற்குக் காரணம் இதுதான்.

2024 டிசம்பரில் பல்லாவரம் பக்கம் வாந்தி பேதியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனது நினைவிருக்கும். சிலர் உயிரிழந்தார்கள். காரணம் தண்ணீர்தான் என்று ஜனங்களும், தண்ணீர் இல்லை என்று அரசுத் தரப்பும் மல்லுக்கு நின்றார்கள். இந்த மாதிரி நேரத்தில் வீட்டில் இருக்கிறவர்களுக்கு வரும் பயம், டிடிஎஸ் பயம் இல்லை. கிருமி பயம்.

போர்வெல் தண்ணீர் குடிக்கிறவர்கள் கதை வேறு. திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலோரத்திலும், மீஞ்சூர் சுற்றுவட்டாரத்திலும் நிலத்தடியில் கடல் தண்ணீர் ஏறிக் கிடக்கிறது. மீஞ்சூர் பக்கம் பல வருஷமாக அளவில்லாமல் உறிஞ்சியதில் கடல் பல கிலோமீட்டர் தூரம் நிலத்துக்குள் வந்துவிட்டது. அங்கே வாயில் வைத்தாலே உப்புக் கரிக்கும். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. காய்ச்சினாலும் உப்பு போகாது.

என்ன மெஷின், என்ன வேலை?

கடையில் போய் நின்றால் ஆர்.ஓ., யு.வி., யு.எஃப். என்று எழுத்து எழுத்தாகச் சொல்வார்கள். எல்லாம் சேர்த்து ஒரே டப்பாவில் இருக்கு, இதையே எடுத்துக்குங்க என்பார்கள். பிரித்துப் பார்த்தால் புரிந்துவிடும்.

யு.எஃப். என்பது நுண்ணிய துளை உள்ள சல்லடை. மண், புழு, பூச்சி முட்டை, பாக்டீரியா எல்லாவற்றையும் பிடித்துவிடும். உப்பைப் பிடிக்காது. காமாலை வைரஸ் ரொம்பச் சின்னது. அதை முழுசாகத் தடுக்கும் என்று எல்லா யு.எஃப். ஃபில்டரையும் அடித்துச் சொல்ல முடியாது. கரண்ட் வேண்டாம், மேலே ஊற்றினால் கீழே இறங்கும் என்பது இதில் பெரிய சௌகரியம்.

யு.வி. என்பது நீலமாக எரிகிற விளக்கு. அதன் பக்கமாகத் தண்ணீர் ஓடும்போது பாக்டீரியா, வைரஸ் இரண்டும் செத்துப்போகும். உப்பை ஒன்றும் செய்யாது. தண்ணீர் கலங்கலாக இருந்தால் கிருமி அழுக்குக்குப் பின்னால் ஒளிந்து தப்பித்துவிடும், அதனால் முன்னாடியே வடிகட்டவேண்டும். இன்னொன்று, இந்த விளக்குக்கு ஆயுள் சுமார் ஒரு வருஷம். அதற்குப் பிறகும் நீலமாக எரிந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் கிருமியைக் கொல்கிற வீரியம் குறைந்திருக்கும். விளக்கு எரியுதே என்று நாமும் குடித்துக்கொண்டிருப்போம்.

ஆர்.ஓ. என்பது மெம்பரேன் எனும் சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தித் தள்ளுவது. உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்சனிக் எல்லாம் வெளியே நின்றுவிடும். மூன்றிலும் கில்லாடி இதுதான், சந்தேகமில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமாகி ஜனங்களுக்குப் பல் கறை பிடித்து, எலும்பு வளைந்த கொடுமையால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்த மாதிரித் தண்ணீரைக் காய்ச்சினாலும் பயனில்லை, யு.வி. விளக்கு காட்டினாலும் பயனில்லை. அங்கே போர்வெல் தண்ணீரைக் குடிக்கிற வீட்டுக்கு ஆர்.ஓ. ஆடம்பரம் இல்லை.

எங்கள் வீட்டில் குழாய்த் தண்ணீருக்கு மீட்டர் காட்டியது 340. எங்களுக்கு விற்றது ஆர்.ஓ.

குடம் தூக்குகிறவருக்குத்தான் வலி தெரியும்

ஆர்.ஓ. மெஷினில் ஒரு பச்சை ட்யூப், இல்லாவிட்டால் வெள்ளை ட்யூப், சிங்க் பக்கம் தொங்கும். அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். சாதாரண வீட்டு மெஷினில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் வர, சுமார் மூன்று லிட்டர் இந்த ட்யூப் வழியாகப் போய்விடும்.

கணக்குப் போடுவோம். நாலு பேர் உள்ள வீட்டில் குடிக்க ஒரு நாளைக்கு 10 லிட்டர். அப்படியானால் கழிவு 30 லிட்டர். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் தினமும் ரெண்டு குடம். மாசத்துக்கு 60 குடம்.

மாடியில் டேங்க், கீழே சம்ப், ஸ்விட்சைத் தட்டினால் மோட்டார் என்று இருக்கிற வீட்டில் இது கண்ணுக்கே தெரியாது. விடிகாலை மூணு மணிக்கு எழுந்து அடிபம்பில் அடித்து, மாடிப்படி ஏறித் தூக்கி வருகிற அம்மாவுக்கு ரெண்டு குடம் என்றால் என்னவென்று தெரியும். அவர் தூக்கி வந்த நாலு பங்கில் மூணு பங்கு சிங்க்கில் போகிறது.

2019 கோடையைச் சென்னை மறந்திருக்காது. ஏரி எல்லாம் காய்ந்து, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஜூலை 12-ந்தேதி வில்லிவாக்கத்துக்கு வந்த முதல் ரயிலில் 50 வேகன், 25 லட்சம் லிட்டர். அந்த மாதத்தில் எத்தனையோ வீட்டில் ஆர்.ஓ. மெஷினை நிறுத்தி வைத்தார்கள். குளிக்கவே தண்ணீர் இல்லாதபோது மெஷினுக்கு எங்கே ஊற்றுவது?

கழிவுத் தண்ணீரை வாளியில் பிடித்தால் பாத்திரம் தேய்க்கலாம், தரை துடைக்கலாம், கக்கூசுக்கு ஊற்றலாம். வீணாகாது. ஆனால் போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கிற வீட்டில் இந்தக் கழிவு இன்னும் உப்பு ஏறி வரும். அதை ரோஜாத் தொட்டிக்கு ஊற்றினால் செடி கருகிவிடும்.

லைன் வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. இந்த மெஷினுக்குக் குழாய் கனெக்‌ஷன் வேண்டும், பிளக் பாயிண்ட் வேண்டும், சுவரில் ஓட்டை போடவேண்டும். "சுவத்துல கை வைக்காதே" என்பார் ஹவுஸ் ஓனர். சப் மீட்டரில் அவர் போடுகிற யூனிட் ரேட் தனி. மெஷின் இழுக்கிற கரண்ட் என்னவோ கம்மிதான், ஒரு பல்பு அளவுக்குத்தான். ஆனால் மாசக் கடைசியில் பில் கூடினால் பழி மெஷின் மேல் விழும். வீடு மாறினால் கழற்றி மாட்டும் கூலி வேறு.

இந்த விரயம் கோர்ட்டு வரை போன விஷயம். 2019 மே மாதம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், டிடிஎஸ் 500-க்குக் கீழே இருக்கிற இடங்களில் ஆர்.ஓ. மெஷினைத் தடை செய்யும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. மற்ற இடங்களிலும் உள்ளே போகிற தண்ணீரில் 60 சதவீதமாவது நல்ல தண்ணீராகத் திரும்பி வரவேண்டும், பிறகு அதை 75 ஆக்கவேண்டும் என்றது. கம்பெனிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. 2023 நவம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இந்த மெஷின்களுக்கென்று தனி விதிகளே வெளியிட்டது. ஆனால் டெல்லியில் போட்ட விதியைப் பற்றி நம் தெருவில் பெட்டியோடு வருகிற பையன் வாயே திறப்பதில்லை. மெஷின் எவ்வளவு தண்ணீரைக் கழிக்கும் என்று கேட்டால், "அது நார்மல்தான் சார்" என்பதோடு முடிந்துவிடும்.

சர்வீஸ் எனும் ரெண்டாவது தவணை

மெஷின் விலை ஒரு தடவை செலவு என்று நினைத்தால் ஏமாந்தோம். மண் பிடிக்கிற ஃபில்டர் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, கார்பன் ஃபில்டர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது, மெம்பரேன் ரெண்டு வருஷத்துக்குள். தண்ணீர் மோசமாக இருந்தால் இன்னும் சீக்கிரம். வருஷ காண்ட்ராக்ட் போடாவிட்டால் வருகிற ஆளுக்கு விசிட்டிங் சார்ஜ்.

நம் பட்ஜெட் மெஷின் ஒன்றை 12 ஆயிரம் ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். அஞ்சு வருஷம் ஓடினால் வருஷத்துக்கு 2,400. சர்வீஸ், ஃபில்டர் எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு 4 ஆயிரம் என்றால் மொத்தம் 6,400. மாசம் 530 ரூபாய்க்கு மேல்.

20 லிட்டர் கேன் 40 ரூபாய் வீதம் ரெண்டு நாளைக்கு ஒன்று போட்டால் மாசம் 15 கேன், 600 ரூபாய். மெஷின் வாங்கினால் கேன் காசு மிச்சம் என்று சொல்வதெல்லாம் சும்மா. சின்னக் குடும்பத்துக்கு ரெண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். தினமும் 20, 25 லிட்டர் குடிக்கிற பெரிய குடும்பம், கூட்டுக் குடும்பம் என்றால் மெஷின் லாபம்.

சர்வீஸுக்குக் காசில்லை என்று ஃபில்டர் மாற்றாமல் ஓட்டினால் வேறு ஆபத்து. கார்பன் ஃபில்டர் தண்ணீரில் இருக்கிற குளோரினை எடுத்துவிடும். வாடை போய்விடும், ருசி நன்றாக இருக்கும். ஆனால் கிருமியைத் தடுத்துக்கொண்டிருந்த காவல்காரனும் போய்விட்டான். பிறகு அந்தத் தண்ணீர் மெஷினுக்குள் இருக்கும் டேங்கில் மணிக்கணக்கில் நிற்கிறது. டேங்க் வழவழவென்று பாசி பிடித்திருந்தால், சுத்தமான தண்ணீர் என்று நம்பி நாம் குடிப்பது குழாய்த் தண்ணீரைவிட மோசமாக இருக்கலாம். ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பினால் டேங்கில் நின்ற தண்ணீரை முழுசாகத் திறந்து கொட்டிவிடுங்கள்.

ஆர்.ஓ. தண்ணீரில் சத்து போய்விடும் என்றும் பேச்சு இருக்கிறது. உண்மைதான், உப்போடு சேர்ந்து சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் போகும். ஆனால் நமக்கு அந்தச் சத்து பெரும்பாலும் சாப்பாட்டிலிருந்துதான் கிடைக்கிறது. இதற்கென்றே மெஷினில் டிடிஎஸ் கன்ட்ரோலர் வைக்கிறார்கள். அது என்ன செய்கிறது தெரியுமா? மெம்பரேன் வழியாகப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து, சுத்தமான தண்ணீரோடு கலக்கிறது. காசு கொடுத்து வடிகட்டியதில் பாதியை மறுபடி கலக்குகிற வேலை. அப்படிக் கலக்கவேண்டிய அளவுக்கு உங்கள் தண்ணீரில் உப்பு கம்மி என்றால், ஆர்.ஓ. எதற்கு என்பதுதான் நம் கேள்வி.

கேன் தண்ணியை நம்பலாமா?

நாங்க மெஷினே வாங்கலை, கேன்தான் என்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கேனில் வருவதும் பெரும்பாலும் புறநகர் போர்வெல் தண்ணீரை ஆர்.ஓ. செய்ததுதான். கழிவு நம் வீட்டு சிங்க்கில் போகாமல் ஆலையில் போகிறது, அவ்வளவுதான்.

2020-ம் வருஷத் தொடக்கத்தில் உரிமம் இல்லாமல் நிலத்தடி நீர் எடுத்த ஆலைகளுக்கு ஐகோர்ட்டு உத்தரவில் சீல் வைத்தபோது, கேன் கம்பெனிகள் ஸ்டிரைக்கில் இறங்க, நகரமே தவித்துப்போனது. கேனை மட்டும் நம்பினால் அந்த கதிதான்.

2024 நவம்பரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாட்டில், கேன் தண்ணீரை ஆபத்து அதிகமுள்ள உணவுப் பட்டியலில் சேர்த்தது. கண்காணிப்பைக் கூட்டவேண்டிய பொருள் என்று அர்த்தம். வாங்குகிறவர்கள் மூடியில் சீல் உடையாமல் இருக்கிறதா, தயாரித்த தேதி இருக்கிறதா, உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள். கேன் பச்சை பிடித்து, கீறல் விழுந்து, கடை வாசலில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். "எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க" என்பார் கேன்காரர். சொல்லட்டும்.

காய்ச்சினால் போதாதா?

கிருமிதான் தொல்லை என்றால், போதும். தண்ணீர் தளதளவென்று கொதித்து, அந்தக் கொதியில் ஒரு நிமிஷம் நின்றால் காமாலை, டைபாய்டு, காலரா கிருமி எல்லாம் செத்துவிடும். லேசாகச் சூடு பண்ணி ஆவி வந்ததும் இறக்குவது காய்ச்சுவது இல்லை. அதில் கிருமி குளித்துவிட்டு எழுந்து வரும்.

கேஸ் செலவாகுமே என்பார்கள். நம் கணக்குப்படி தினமும் 10 லிட்டர் கொதிக்கவைக்க மாசத்துக்கு மூணரை கிலோ கேஸ். ஒரு சிலிண்டரில் கால்வாசி. கேனையும் மெஷினையும்விடக் கம்மிதான். ஆனால் வேலைக்குப் போகிற பெண் காலையில் ஆறு மணிக்கு ஒற்றை அடுப்பில் சோறு வைப்பாரா, தண்ணீர் காய்ச்சுவாரா? அந்த நேரத்துக்கும் ஒரு விலை உண்டு. ராத்திரி சமையல் முடிந்ததும் காய்ச்சி, மூடி வைத்து ஆறவைப்பது நிறைய வீட்டில் ஓடுகிற வழி.

காய்ச்சிய தண்ணீரைக் காய்ச்சின பாத்திரத்திலேயே வைப்பது நல்லது. நீட்டுப்பிடி கரண்டியால் மொள்ளுங்கள், டம்ளரோடு கையை விடக்கூடாது. காய்ச்சி ஆறவைத்து, கழுவாத குடத்தில் கொட்டி, கையை விட்டு மொள்ளும் வீடுகளில்தான் "காய்ச்சித்தானே குடிச்சோம், எப்படிக் காமாலை வந்துச்சு" என்ற கேள்வி வருகிறது.

காய்ச்சியும் தீராதது உப்பு, ஃபுளோரைடு, ரசாயனம். 2013-ல் தண்டையார்பேட்டையில் சில வீட்டு போர்வெல்லில் தண்ணீரோடு எண்ணெய் வந்தது. நிலத்துக்குள் எண்ணெய் கசிந்த அந்த மாதிரித் தண்ணீருக்குக் காய்ச்சுவதும் உதவாது, வீட்டு மெஷினும் சரிப்படாது. அதைக் குடிக்காமல் இருப்பதுதான் வழி.

அப்போ, எதைத்தான் வாங்குவது?

மெட்ரோ தண்ணீர் வருகிற வீடா? மீட்டர் 500-க்குள் காட்டுகிறதா? ஆர்.ஓ. வேண்டாம். கையில் காசு இருந்தால் யு.வி. மெஷின். இல்லாவிட்டால் துணியில் வடிகட்டி, காய்ச்சுங்கள். குழாய் கனெக்‌ஷன் இல்லாத வீட்டில் மேலே ஊற்றி கீழே பிடிக்கிற கிராவிட்டி ஃபில்டர் ரெண்டாயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் அதில் பிடித்த தண்ணீரையும் காய்ச்சிவிடுங்கள்.

500-க்கும் ஆயிரத்துக்கும் நடுவில் காட்டினால் நாக்கைக் கேளுங்கள். குடிக்க முடிகிறதா, குடித்துப் பழகிய தண்ணீரா என்று பார்த்து முடிவு செய்யலாம். ஆயிரத்தைத் தாண்டின போர்வெல் தண்ணீர் மட்டும்தான் வழி என்றால் ஆர்.ஓ. வாங்குங்கள், தவறில்லை. வாங்கும்போது ஒரு லிட்டருக்கு எத்தனை லிட்டர் கழிவு என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ஃபில்டர், மெம்பரேன் விலையை முதலிலேயே கேளுங்கள்.

விற்கிறவர் செய்கிற டெஸ்டை நம்பி வாங்கவேண்டாம். தண்ணீர்ச் சோதனைக்கு மாவட்டங்களில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகங்கள் இருக்கின்றன. கிருமி இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன பாட்டில் டெஸ்ட் கிட்டும் உண்டு. தண்ணீரை ஊற்றி ஒன்று, ரெண்டு நாள் வைத்தால், மலக்கிருமி கலந்திருந்தால் கறுத்துவிடும். ஆயிரக்கணக்கில் மெஷினுக்குக் கொடுக்கும் முன்னாடி இந்தச் சின்னச் செலவைச் செய்து பார்க்கலாம்.

வெளியே அலைகிற ஆட்டோக்காரர், கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கு, 2025 ஜூனில் சென்னையில் 50 இடங்களில் இலவசக் குடிநீர் ஏடிஎம் திறந்தார்கள். பாட்டில் வாங்குகிற 20 ரூபாய் மிச்சம். பக்கத்தில் இருந்தால் பயன்படுத்துங்கள்.

கலங்கலாக, வாடையோடு தண்ணீர் வந்தால் 1916-க்குப் போன் போட்டுப் புகார் எண் வாங்குங்கள். தெருவில் ஒருவர் மட்டும் போடாமல் பத்துப் பேர் போடுங்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வசதி உள்ளவர் மெஷின் மாட்டியதும் புகார் சொல்வதை நிறுத்திவிடுகிறார். அவர் வீட்டில் நல்ல தண்ணீர் வருகிறதே! தெருப் பைப்பில் ஓட்டை அப்படியே கிடக்கிறது. மெஷின் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்குத்தான் காமாலை வருகிறது.

எங்கள் தெருக் கதையும் அப்படித்தான் போயிருக்கும். தெருமுனை வீட்டு அம்மா ஒருவர் விடாப்பிடியாகப் புகார் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஆட்கள் வந்து மூணு இடத்தில் பள்ளம் தோண்டிப் பார்த்தார்கள். ஒரு வீட்டுக்குப் போகிற பழைய இரும்பு பைப், சாக்கடைக்கு நடுவில் துருப்பிடித்து விரல் நுழையும் அளவுக்கு ஓட்டையாகிக் கிடந்தது. அதை வெட்டி எடுத்துப் புதுப் பைப் போட்ட மறுநாளே வாடை நின்றுவிட்டது.

எங்கள் மெஷினுக்கு அப்போது இன்னும் நாலு மாசத் தவணை பாக்கி.